நாய்க்குட்டியை எங்கிருந்து எடுப்பது? ஏழு மாதக் குறிப்புகள்

மணி எங்கள் வீட்டில் இருந்தது ஆறு நாள்தான். வந்த நாலாம் நாள் பாலைத் தொடவில்லை. வெயில் காலம், சூடு பிடித்திருக்கும் என்று அம்மா சொன்னாள். மோர் ஊற்றினோம். ஐந்தாம் நாள் வாந்தி. அன்று ராத்திரி ரத்தமாகப் போக ஆரம்பித்தது. ஆறாம் நாள் காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்ததுமே, "பார்வோ மாதிரி இருக்குங்க. நேத்தே வந்திருக்கணும்" என்றார். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

அந்தக் குட்டியை நான் போனில் போட்டோ பார்த்து வாங்கினேன். சென்னையிலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட, திருத்தணியில் இறக்கி பள்ளிப்பட்டுக்குக் கொண்டுவந்தேன். "நாற்பத்தைந்து நாள் குட்டி சார், ஊசி போட்டாச்சு" என்றார். நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தப்பு அவர் மேல் பாதி என்றால் மீதி என்மேல்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் ரொம்ப நாள் நாய்ப் பேச்சே எடுக்கவில்லை. போன மாதம் திடீரென்று கேட்டாள்: "அப்பா, இன்னொரு குட்டி எடுத்தா அதுவும் செத்துடுமா?"

இந்தக் கேள்விக்குச் சும்மா "சாகாதும்மா" என்று சொல்லிவிட முடியவில்லை. அதனால் இந்த ஏழு மாதமாகப் படித்ததையும் விசாரித்ததையும் ஒழுங்குபடுத்தி எழுதிப் பார்த்தேன். குட்டி எடுக்க நினைப்பவர்களுக்கு உபயோகப்படலாம் என்பதால் இங்கே போடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில், மணிக்கு என்ன ஆச்சு?

பார்வோ என்பது வைரஸ். நாய்களைத் தாக்கும் இந்த வகை 1978-ல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். ஒன்றிரண்டு வருஷத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பரவிவிட்டது. உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பிரிந்து வளர்கிறதோ அங்கே போய் உட்காரும். குட்டியின் குடல் உள்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடங்கள். குடல் சுவர் உரிந்துபோவதால்தான் ரத்தப்போக்கு. மஜ்ஜை அடிபடுவதால் எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளை அணுக்களும் குறைந்துவிடும். சிகிச்சை கொடுக்காவிட்டால் பெரும்பாலான குட்டிகள் செத்துவிடும். சீக்கிரமே நீர்ச்சத்து ஏற்றி கவனித்தால் பெரும்பாலானவை பிழைக்கும். ஆகவே மோர் கொடுத்துப் பார்த்த அந்த ஒரு நாள் சாதாரண நாள் இல்லை. குட்டி சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். சில சமயம் 14 நாள் வரைகூட. மணிக்கு நாலாம் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு முன் நாய் இருந்ததில்லை. அதனால் விற்ற இடத்திலோ வழியிலோதான் அது தொற்றை வாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"ஊசி போட்டாச்சு" என்றாரே? இங்கேதான் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயம் புரிந்தது. குட்டி பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் வந்துவிடும். முதல் சில வாரம் குட்டியைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அந்தப் பொருள் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. உள்ளே வரும் ஊசி மருந்தையும் எதிரி என்றே எடுத்துக்கொண்டு அடித்துவிடும். நாளாக நாளாக அது கரையும். கரையும்போது நடுவில் ஒரு இடைவெளி வருகிறது. நோயைத் தடுக்கிற அளவுக்குத் தாயின் பாதுகாப்பு மீதி இருக்காது, ஊசியைக் கெடுக்கிற அளவுக்கு மட்டும் இருக்கும். இந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரம் வரும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் முடியும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். முதல் ஊசி போட்டாச்சு என்றால் பாதுகாப்பு வந்தாச்சு என்று அர்த்தம் கிடையாது. கணக்கு இப்போதுதான் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான்.

அது ஏன் நாற்பத்தைந்து நாள்?

யாரைக் கேட்டாலும் "நாற்பத்தைந்து நாள் குட்டி" என்கிறார்கள். ஏதோ சாஸ்திரத்தில் எழுதிவைத்த மாதிரி. ஆனால் 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். குட்டி போடவைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய் நாய்க்கு 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் போடவைக்கக் கூடாது. இதெல்லாம் அந்த விதிகளில் இருக்கிறது.

நாற்பத்தைந்தாவது நாள் விற்றால் விற்பவருக்கு லாபம் என்பது கொஞ்சம் யோசித்தால் தெரியும். அந்த வயதில்தான் குட்டிக்குப் பல் முளைத்து, தாய் பால் கொடுக்க மறுக்க ஆரம்பிக்கும். இனி வாங்கிப் போட வேண்டும். பூச்சி மருந்தும் ஊசியும் அடுத்தடுத்து வரும். அந்தச் செலவெல்லாம் ஆரம்பிக்கும் முன்னால் கைமாற்றிவிட்டால் மிச்சம். வாங்குகிற நமக்கும் உள்ளங்கையில் அடங்குகிற சைஸ்தான் பிடிக்கிறது. ஆக இரண்டு பக்கமும் சேர்ந்து குட்டியின் இரண்டு வாரத்தைத் திருடுகிறோம்.

அந்த இரண்டு வாரத்தில் குட்டி என்ன கற்றுக்கொள்ளும்? கூடப்பிறந்ததைக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் ஒரு உறுமல் விழும். எவ்வளவு கடிக்கலாம் என்பதைக் குட்டி அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. நாற்பது நாளில் பிரித்த குட்டிக்கு இதைப் பிறகு நம் குழந்தையின் விரல்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

ஒன்று: போட்டோவும் சந்தையும்

நான் போன வழி இது. சென்னையில் பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை ஒரு காலத்தில் நாய்க்குட்டி வாங்குகிறவர்களுக்கு ரொம்பத் தெரிந்த இடம். இப்போது அந்த வேலையைப் போனே செய்துவிடுகிறது. இரண்டிலும் உள்ள பிரச்சினை ஒன்றுதான். பல வீட்டு, பல ஊர்க் குட்டிகள் ஒரே இடத்துக்கு வருகின்றன. பார்வோ போன்ற நோய்க்கு இதைவிட வசதி கிடையாது. ஒரு கூண்டில் ஒன்றுக்கு இருந்தால் அடுத்தடுத்து அதே கூண்டுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் ஆபத்து.

போட்டோவில் குட்டி இருக்கும், தாய் இருக்காது. இதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. இப்போது யோசித்தால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே அதுதான். தாயைப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே தெரிந்துவிடும். எலும்பும் தோலுமாக இருக்கிறதா, முலைக்காம்பில் புண் இருக்கிறதா, ஆள் வந்தால் ஓடி ஒளிகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா. குட்டி எந்த மாதிரி வளரும் என்பதற்குத் தாய்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே முன்மாதிரி. விற்பவர் உண்மையிலேயே அந்த வீட்டில் பிறந்த குட்டியைத்தான் விற்கிறாரா, வாங்கி விற்கிறாரா என்பதற்கும் அதுவே சாட்சி. "தாய் கிராமத்துல இருக்குங்க" என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஊசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். பேனாவால் ஒரு டிக் போட்டு வைத்திருந்தால் அது அட்டையே இல்லை. மணியின் அட்டையில் டிக்தான் இருந்தது.

இரண்டு: தெற்கத்தி நாட்டு இனங்கள்

மணிக்குப் பிறகு எனக்கு வந்த அடுத்த ஆசை ராஜபாளையம். வாங்கினால் நம்ம ஊர் இனமாக வாங்குவோம் என்று. தமிழ்நாட்டில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொல்லும் இனங்கள் இருக்கின்றன. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு நாலு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். ஹரியானா கர்னாலில் இருக்கும் தேசிய கால்நடை மரபணு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த நாய் இனங்கள் மூன்று. கர்நாடகத்து முதோல் போக மற்ற இரண்டும், அதாவது ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், நம்முடையவை.

அரசாங்கமே இந்த இனங்களை வளர்த்து விற்ற இடம் ஒன்று சென்னை சைதாப்பேட்டையில் இருந்தது. கால்நடை பராமரிப்புத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி வழக்குப் போய், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அதை மூட வேண்டியதாயிற்று. எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம், பெயர்ப் பலகை எவ்வளவு பெரிசு என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான். அரசு இடமானாலும் தனியார் இடமானாலும் தாய் எப்படி இருக்கிறது என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்தில் இன்னொரு விஷயம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அழகு என்று எல்லாரும் தேடுகிறார்கள். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் ஒரு பகுதி உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால் குட்டி சில வாரத்திலேயே கேட்கும் திறனை இழந்துவிடும். குட்டிகள் தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் தலை தூக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பித்துவிடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நான் இந்த யோசனையை விட்டதற்குக் காரணம் நாயில் இல்லை, எங்கள் தெருவில் இருக்கிறது. சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே பிறந்தது, முயல் விரட்டிய பரம்பரை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆடும் கோழியும். ராஜபாளையம் காவலுக்குப் பேர் போனது, புது ஆளை லேசில் ஏற்காது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாள் முழுக்க யாராவது வந்து உட்கார்ந்தபடி இருப்பார்கள். தோப்பும் வேலியும் இருக்கிறவர்கள் தாராளமாக அந்த ஊர்ப்பக்கம் நேரில் போய், தாயைப் பார்த்து, எட்டு வாரம் முடிந்து எடுத்துவரலாம். எங்களுக்குச் சரிப்படாது.

மூன்று: காப்பகம்

சென்னையில் புளூ கிராஸ் 1959-ல் ஆரம்பித்தது. அங்கேயும் வேறு காப்பகங்களிலும் நாய்களைத் தத்து கொடுக்கிறார்கள். குட்டிகளும் உண்டு, வளர்ந்தவையும் உண்டு. வளர்ந்த நாய் எடுப்பதில் ஒரு பெரிய லாபம்: எவ்வளவு உயரம், என்ன குணம், பிள்ளைகளோடு எப்படி என்பதெல்லாம் கண்முன்னே தெரியும். பெரும்பாலும் ஊசியும் குடும்பக் கட்டுப்பாடும் முடிந்திருக்கும். பார்வோ ஆபத்தும் குட்டிக்கு இருப்பதைவிட ரொம்பக் குறைவு.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வளர்ந்த நாய் நம்மகிட்ட ஒட்டாதுடா. அதுக்குப் பழைய வீட்டு நெனப்புதான் இருக்கும்."

இது நம் ஊரில் எல்லாரும் நம்புகிற விஷயம். பாதி உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு பேர் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ல் புத்தகமாகப் போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி யாரைப் பார்க்கிறதோ அவர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கண்டது. அதே ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொரு பரிசோதனையில், 14 வாரம்வரை மனித வாசனையே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதற்கப்புறம் மனிதரிடம் சகஜமாகப் பழகவே இல்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது இது: அந்தக் குட்டிகள் எந்த மனிதரையும் பார்க்காதவை. சின்ன வயதில் யாராவது ஒரு மனிதரோடு பழகிய நாய் பிற்பாடு இன்னொருவரிடம் ஒட்டும். ஹங்கேரியில் மார்த்தா காக்சியும் கூட்டாளிகளும் 2001-ல் காப்பகத்து வளர்ந்த நாய்களை வைத்துப் பார்த்தார்கள். பத்துப் பத்து நிமிஷமாக மூன்றே தடவை ஒருவர் பழகினார். அதற்குள்ளேயே அந்த ஆளிடம் நாய்கள் சொந்த எஜமானரிடம் காட்டுகிற மாதிரிப் பிரியத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டன. இதை அம்மாவிடம் சொன்னேன். "ஹங்கேரி நாய்க்கு ஒட்டும்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் பெரியவர் மனசு ஒப்பாமல் ஒரு ஜீவனைக் கொண்டுவருவது அந்த ஜீவனுக்கு நல்லதில்லை. அதனால் இதையும் ஒத்திவைத்தேன். உங்கள் வீட்டில் சம்மதம் என்றால் இந்த வழிதான் முதல் வழி என்று நான் சொல்லுவேன்.

நான்கு: தறிக்கொட்டாய்

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தெரு தள்ளி ஒரு விசைத்தறிக் கொட்டாயில் ஒரு தெரு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. சொன்னது என் மகள்தான்.

அந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். 1960 ஏப்ரலில் ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு மாறி வந்த ஊர் இது. பாதி வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கும். தறிக்கார அண்ணன் எங்களிடம் தமிழில் பேசுவார், நாயைக் கூப்பிட மட்டும் "ரா, ரா" என்பார். குட்டிகளும் அந்த 'ரா'வுக்குத்தான் தலை தூக்கின.

நாங்கள் போனபோது மூன்று குட்டிதான் இருந்தது. "ரெண்டு ஆண் குட்டி, அப்பவே பேசி வெச்சிட்டாங்க தம்பி. இது மூணும் பொட்டை. யாரும் கேக்க மாட்டாங்க. இன்னும் கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வரணும்" என்றார் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. தாய்க்கு தினம் சோறு வைப்பவர் அவர்தான். ஒவ்வொரு ஈத்துக்கும் இப்படித்தான் நடக்கிறது, எல்லாத் தெருவிலும் இப்படித்தான் நடக்கிறது. கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடப்படும் குட்டிகளில் பல லாரியில் அடிபடும், பல பட்டினியில் போகும். பிழைக்கிற ஒன்றிரண்டு அடுத்த வருஷம் குட்டி போடும்.

பெண் குட்டி வேண்டாம் என்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வருஷத்துக்கு ரெண்டு வாட்டி குட்டி போடும், யார் பாக்கறது?" நியாயமான பயம். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். ஆனால் அதற்குத் தீர்வு ஒரு ஆபரேஷன். கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் குட்டியும் இல்லை, சீசனுக்கு வாசலில் பத்து கடுவன் வந்து சண்டை போடுவதும் இல்லை. பிற்காலத்தில் கருப்பையில் சீழ் வைக்கிற ஒரு மோசமான நோயும் வராது. தெருநாய்களுக்கு இதைச் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023-ல் வந்த விலங்கு கருத்தடை விதிகள் சொல்கின்றன. நாம் வீட்டுக்கு எடுத்துக்கொண்ட நாய்க்கு நாம்தான் செய்ய வேண்டும்.

நான் இதுவரை எழுதிய எல்லா அளவுகோலையும் வைத்து அந்தக் கொட்டாயைப் பார்த்தேன். தாய் கண்முன்னே இருக்கிறது. மெலிவுதான், ஆனால் தோல் சுத்தம். ஆள் போனால் வாலாட்டுகிறது. என் மகள் குட்டியைத் தொட்டபோது கூடவே வந்து மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. போன ஈத்துக் குட்டிகள் எதுவும் மணி மாதிரிச் சாகவில்லை என்று அண்ணன் வீட்டு அக்கா சொன்னார். குட்டிகள் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே வளர்கின்றன. நாள் முழுக்க ஆட்கள் தாண்டிப் போகிறார்கள், பிள்ளைகள் தூக்குகிறார்கள். ஸ்காட்டும் ஃபுல்லரும் சொன்ன பழக்கம் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. சென்னை, ராஜபாளையம் என்று ஏழு மாதம் சுற்றிய பிறகு விடை இரண்டு தெரு தள்ளி இருந்தது.

ஒரு சிக்கல்: எங்கள் வீட்டு மண்

சரி, தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா? அங்கேதான் நின்றேன். பார்வோ வைரஸ் ரொம்பக் கெட்டி. நிழலான, ஈரமான மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஒரு வருஷம்கூட இருக்கலாம். நாம் தரை துடைக்கிற பினாயிலை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. சிமெண்ட் தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டால் சாகும். மண்ணில் அதுவும் பலிக்காது. எங்கள் பின்கட்டு முழுக்க மண். கிணற்றடி, வாழை, நிழல். மணி படுத்திருந்தது அங்கேதான்.

அதனால் டாக்டரிடம் கேட்டு இப்படி முடிவு செய்தோம். குட்டியை நாங்கள் எடுத்துக்கொள்வது உறுதி. ஆனால் மூன்று ஊசியும் முடிந்து 16 வாரம் ஆகும்வரை அது தாயோடு கொட்டாயிலேயே இருக்கும். அங்கே ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், தெரு தெருதான். எங்கள் கிணற்றடியைவிட அது மேல். சாப்பாடு, பூச்சி மருந்து, ஊசி எல்லாம் எங்கள் செலவு. மகள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் அங்கே போய் இருப்பாள். போகும்போது வீட்டுச் செருப்பைப் போடக் கூடாது என்பது ஒரு விதி. வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு போகும். அதற்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி அண்ணன் வீட்டு வாசலிலேயே வைத்திருக்கிறோம். தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியூர்க் கடையில் வாங்கி சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தால் வெறும் தண்ணீரைப் போட்ட மாதிரிதான். ஐஸ் கட்டியோடு பிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள். முடிந்தால் டாக்டரிடம் இருக்கும் மருந்தையே போடச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. இது குட்டியைவிட நம் பிள்ளைகளுக்காக. உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் ரேபீஸால் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான். குட்டி விளையாட்டாகக் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

இப்போதைய நிலவரம்

குட்டிக்கு இன்றைக்கு 13 வாரம். இரண்டு ஊசி முடிந்தது, வெறிநோய் ஊசியும் போட்டாயிற்று. இன்னும் மூன்று வாரம். மகள் பேர் வைக்க மாட்டேன் என்கிறாள். "வீட்டுக்கு வந்தப்புறம் வெச்சிக்கலாம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. அதுவரை 'ரா'தான் அதன் பேர்.

தாய் நாய்க்குப் பால் வற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வைத்திருக்கிறோம். செலவில் பாதி தருகிறேன் என்றதும் தறிக்கார அண்ணன், "எதுக்கு தம்பி பாதி, என் கொட்டாய்ல சோறு தின்ற நாய் அது" என்று கோபித்துக்கொண்டார். அந்த ஈத்துதான் கடைசி.

மற்ற இரண்டு பெண் குட்டிகளில் ஒன்றைக் கரும்புத் தோட்டத்துக் காவலுக்கு ஒருவர் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், விடாமல் ஞாபகப்படுத்த வேண்டும். இன்னொன்று கொட்டாயில்தான் இருக்கிறது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி, ஒரு காது மடிந்திருக்கும். எங்கள் குட்டிக்குப் போட்ட அதே நாளில் அதற்கும் ஊசி போட்டிருக்கிறோம், அட்டையில் ஸ்டிக்கர், தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கிறது. திருத்தணி, பொதட்டூர்பேட்டை, நகரி பக்கம் யாராவது எடுத்துக்கொள்ள நினைத்தால் வந்து முதலில் தாயைப் பாருங்கள்.